ஆற்றைக் கணக்கெடுத்தவர்களையும் அழையுங்கள்: மாநில வன உயிரின வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில வன உயிரின வாரியத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீர் மீனை, மிக அருகிவிட்ட இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் அறிவித்தது. அதிகம் கவனிக்கப்படாத நான்கு உயிரினங்களைக் காக்கத் தமிழ்நாடு அரசு ஒதுக்கிய 1 கோடி ரூபாயில் சிங்கவால் குரங்கு, சென்னை முள்ளெலி, கழுதைப்புலி ஆகியவற்றுடன் இந்த மீனுக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. புலிக்கும் யானைக்கும் மட்டுமே பணம் போகும் என்ற வழக்கத்தை மாற்றிய அந்த முடிவை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் இந்த மீன் அழிந்துகொண்டிருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை யார் எழுதி வைத்தார்கள் என்பதை நமது பாதுகாப்புக் கொள்கை மறந்துவிட்டது. தூண்டிலுடன் ஆற்றங்கரைக்கு வருபவர் யாராக இருந்தாலும் அவரைத் திருட்டு வேட்டைக்காரராகவே பார்க்கிறது. அதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மேட்டூருக்கு மேலே காவிரியின் கரையில் தூண்டிலோடு வளர்ந்தவன் நான். பிடித்த மகசீரை எடை பார்த்து, அளந்து, எழுதிக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கமுள்ள சிறு கூட்டத்தில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆதாரத்தைச் சொல்கிறேன். கர்நாடகக் கரையில் கலிபோரே என்னுமிடத்தில் இருந்த தூண்டில் முகாமில், வருகிற ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மகசீர் சிக்கின, ஒவ்வொன்றும் என்ன எடை, எந்த வகை என்று பதிவேட்டில் குறித்த பிறகே மீனை ஆற்றில் விடுவது விதியாக இருந்தது. 1998 முதல் 2012 வரை அப்படிச் சேர்ந்த பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் உழைப்பும், 6,000-க்கும் மேற்பட்ட மீன்களும் அந்தக் கணக்கில் இருந்தன. ஆண்டுக்காண்டு சிக்கும் மகசீர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதைப் பார்க்கிற எவரும் ஆறு செழித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். வகை வாரியாகப் பிரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கூடியவை எல்லாம் நீலத்துடுப்பு மகசீர்கள். அவை இந்த வடிநிலத்துக்கு உரியவை அல்ல. திமில் மகசீரோ அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பதிவேட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது.

அந்த நீலத்துடுப்பு எப்படி வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் லோணாவளாப் பண்ணையில் பொரித்த குஞ்சுகளை, மகசீர் குறைகிறதே என்ற அக்கறையில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். மீன்வளத் துறையினரும் தூண்டில்காரர் சங்கங்களும் சேர்ந்தே செய்த காரியம் அது. மகசீர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று அன்று எல்லோரும் எண்ணினார்கள். 1946-இல் கபினி ஆற்றில் மைசூர்த் தூண்டில்காரர் வான் இங்கன் 120 பவுண்டு எடையுள்ள திமில் மகசீரைப் பிடித்த நாளிலிருந்து உலகமே பேசிவந்த இந்த மீனுக்கு, உறுதியான அறிவியல் பெயர் 2018-இல்தான் கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் புரியும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய இனத்தில் அதைச் சேர்க்க உதவிய மாதிரிகள் நமது மோயாற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

கலிபோரேயின் கணக்கு 2012-இல் நின்றுபோனது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட விளக்கமே அதற்குக் காரணம். நமது பக்கத்தில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடே ஓடுகிறது. திமில் மகசீர் இன்னும் மிஞ்சியிருக்க வாய்ப்புள்ள மடுக்கள் பெரும்பாலும் இந்த எல்லைகளுக்குள்தான் இருக்கின்றன. காட்டைக் காக்க இந்த அறிவிப்புகள் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சரணாலயம் என்று பலகை நட்டால் தரைக்கு மேலே இருப்பதைத்தான் காவல் காக்கிறோம். யானையைத் தடத்திலும் புலியைக் கேமராவிலும் கணக்கெடுக்கலாம். கலங்கிய நீரில் பத்தடி ஆழத்தில் பாறைக்கு அடியில் கிடக்கிற மீனை, யாராவது கையில் எடுத்துப் பார்த்தாலொழிய எண்ணவே முடியாது.

வாரியத்தில் இருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால், பிடித்து விடுவது என்றால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தூண்டில் முள்ளின் நுனிக்கு உள்ளே பின்னோக்கி இருக்கிற கொளுவியைக் குறட்டால் அமுக்கி மழுங்கடித்துவிடுவோம். அப்போதுதான் கழற்றும்போது வாய் கிழியாது. வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டையை முள்ளில் பொதிந்து, மடுவின் தலைப்பில் நீரோட்டம் வேகம் குறையும் இடத்தில் இறக்குவோம். மகசீருக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கிற பற்களால்தான் நண்டையும் நத்தையையும் நொறுக்கும். ஆகவே பெரும்பாலும் தடித்த உதட்டிலேயே முள் ஏறும். மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டி மீனை நெடுநேரம் அலைக்கழிப்பவரை எங்களுக்குள் ஒருவரும் மதிப்பதில்லை. கனமான நரம்பில் விரைவாகக் கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் வலைத்தொட்டிலில் வைத்து எடை பார்த்து, முதுகுத் திமிலையும் துடுப்பின் நிறத்தையும் குறித்துக்கொண்டு, அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருப்போம். செவுள் ஒழுங்காக மூடித் திறந்து, வால் தானாக உதறிக்கொண்டு கையை விட்டுப் போகும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். பெரிய மீனாக இருந்தால் இடுப்பளவு தண்ணீரில் நெடுநேரம் நிற்க நேரும். இதில் அவசரப்படுபவர் மீனைக் கொன்றுவிடுவார்.

இதற்கு நேர் எதிரானதும் அதே மடுவில் நடக்கிறது. மீன் பிடிக்க வெடித்தோட்டா போட்ட மடுவை விடிந்த பிறகு நான் பார்த்திருக்கிறேன். மேலே மிதப்பது கொஞ்சம்; அதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். காற்றுப்பை வெடித்தவற்றில் பெரும் பகுதி அடியில் போய்ப் படிந்துவிடும். மறுநாள் உப்பித்தான் மேலே வரும். விரல் நீளக் குஞ்சுகள் கரையோரக் கல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். அவற்றை எவரும் பொறுக்குவதுகூட இல்லை. ஒரு முறை அப்படிப்பட்ட இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனேன். ஓர் அலுவலகம் மீன் எங்கள் பொறுப்பல்ல என்றது. அங்கிருந்து அனுப்பப்பட்ட அலுவலகம் அந்த இடம் காட்டு எல்லைக்குள் வருகிறது, எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. மூன்றாவது இடத்தில் வெடி வைத்தவனின் பெயர் தெரியுமா என்று என்னையே கேட்டார்கள். அதே ஆண்டில், சரணாலய எல்லைக்கு வெளியே தூண்டிலும் பதிவேடுமாக உட்கார்ந்திருந்த எங்கள் தோழர் ஒருவரை நாள் முழுக்க விசாரணையில் வைத்திருந்தார்கள். அந்த அலுவலகங்களின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த ஆற்றங்கரையிலும் நடக்கக்கூடியதுதான் இது. வெடி வைப்பவன் இருட்டில் வந்து கால்மணி நேரத்தில் போய்விடுகிறான். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருப்பவர்தான் காவலுக்கு எளிதாகக் கிடைக்கிறார்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் உள்நாட்டு நீர்நிலைகளில் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. அந்த மூலச் சட்டம் அன்று விதித்த தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அதை எழுதிய காலத்தில் அது பெரிய தொகை.

தூண்டில் முகாம்கள் நடந்த காலத்தில் கர்நாடகக் கரையில் இந்த வெடிக்கு ஒரு தடுப்பு இருந்தது. முன்பு தோட்டா போட்டும் வலை வைத்தும் பிழைத்த உள்ளூர் ஆட்களையே முகாம்கள் காவலர்களாகவும் பரிசல்காரர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வேலைக்கு எடுத்தன. எந்த மடுவில் எப்போது மீன் கூடும், வெடிகாரன் எந்தப் பாதையில் இறங்குவான் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மீன் உயிரோடு இருந்தால்தான் வெளியூர்க்காரர் வருவார், வந்தால்தான் கூலி என்ற நிலை இருந்தவரை அவர்கள் இரவும் ஆற்றைச் சுற்றி வந்தார்கள். அங்கே தூண்டில் நின்றபோது, மீனுக்கென்றே இருந்த அந்தக் காவலுக்குக் கூலி கொடுக்க ஆளில்லாமல் போனது. நமது கரையில் அப்படி ஒரு காவல் ஏற்பாடு உருவாகவே இல்லை.

மீனைப் பிடிக்க ஆசைப்படுபவனே மீனைக் காப்பான் என்று சொல்வது கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மாநிலத்தின் பாதுகாப்பு வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் 1877-இல் உதகையில் கூடி அமைத்த சங்கத்தின் முயற்சியால் 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தப் பருவத்தில் சுடக்கூடாது, எதைச் சுடக்கூடாது என்ற வரம்புகள் அதன் பிறகே இந்த மலையில் ஏற்பட்டன. அந்தச் சங்கம் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. வருகிற 2027-இல் அதற்கு 150 வயது. வேட்டையை விட்டுவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்த வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவிதார் 1963-இல் நீலகிரி வரையாடுகளை நடந்தே எண்ணினார். எல்லைக்கு அப்பால் மூணாறில், தேயிலைத் தோட்டக்காரர்களின் வேட்டைச் சங்கம் தன் பொழுதுபோக்குக்காகக் காத்துவைத்த புல்வெளிதான் 1978-இல் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆனது.

இந்த வரலாற்றை நான் வழிபடவில்லை. வெள்ளைக்காரர்களின் விளையாட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பழங்குடிகளைக் காட்டிலிருந்து விலக்கிய காலம் அது. செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசு கொடுத்த காலமும் அதுவே. நீலகிரியின் அவலாஞ்சியில் வெளிநாட்டு டிரௌட் மீனைப் பொரித்து மலை ஓடைகளில் விட்டதைப் பாதுகாப்பு என்று எவரும் இன்று சொல்ல மாட்டார்கள். தான் பிடிக்க விரும்பும் உயிரை மட்டுமே காக்கிற குறை வேட்டைக்காரருக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் அவரைத் தனியே விடாமல், அறிவியலும் அரசும் உள்ளூர் மக்களும் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அழைக்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியையும், 1950-இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகளுக்கு விதிக்கும் வரியையும் மாநிலங்களின் வன உயிரின, மீன் பாதுகாப்புக்கென்றே பிரித்துக் கொடுக்கின்றன. அந்தப் பணம் வேண்டுமென்றால், வேட்டை, தூண்டில் உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்ப மாட்டோம் என்று மாநிலம் முதலில் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். துப்பாக்கிப் பண்பாட்டை இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேட்டை உரிமம் நம் நாட்டில் முடிந்துபோன கதை, அது முடிந்ததே நல்லது. உரிமக் கட்டணம் அந்த ஆற்றுக்கே திரும்ப வேண்டும் என்ற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சட்டம் இடம் கொடுக்காது என்ற பதிலை நான் எதிர்பார்க்கிறேன். அதற்கு விடை சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்கள் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நல்லபாம்பையும் கட்டுவிரியனையும் கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும் அரசின் உரிமத்தோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி பிடிபட்டால் தெரியும்படி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாடு முழுவதும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அவர்கள் எடுக்கும் நஞ்சு ஆதாரமாக இருக்கிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்து நாடே பெருமைப்பட்டது. இது நடப்பதும் அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கல்விக்கும் அறிவியல் ஆய்வுக்கும் நஞ்செடுப்புக்கும் தனி அனுமதி தர வழி சொல்கிறது. 28-ஆம் பிரிவு வன உயிரின ஆய்வுக்காகச் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரலாம் என்கிறது. பாம்பைப் பிடித்து, பயன் எடுத்து, குறியிட்டு விடுவதற்கு வழி கண்ட அறிவு, மீனைப் பிடித்து அளந்து விடுவதற்கும் ஒரு வழி காணாதா?

இனி என் கோரிக்கைகள். மோயாறு, பவானி, ஒகேனக்கலுக்கு மேலும் கீழும் உள்ள காவிரி ஆகியவற்றில் தேர்ந்தெடுத்த சில பகுதிகளில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஆய்வு அனுமதியின் கீழ், ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ பொறுப்பேற்க, பயிற்சி பெற்ற தூண்டில்காரர்களைக் கொண்டு மகசீர் கணக்கெடுப்பைத் தொடங்கப் பரிந்துரையுங்கள். பருவமழையில் மீன் மேலேறிச் சினையிடும் மாதங்களிலும், நீர் சூடேறி ஓட்டம் நின்றுபோகும் கோடையிலும் அது நடக்கக் கூடாது. கொளுவியில்லாத முள் கட்டாயமாக வேண்டும். காவிரியின் நீலத்துடுப்பு மகசீரை வைத்து நடந்த ஆய்வில், முறையாகக் கையாண்டு விட்ட மீன்களில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஆயினும் எண்ணி எடுக்கும் அளவுக்குக் குறைந்துவிட்ட திமில் மகசீருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தாமல், முதல் ஆண்டு முழுவதும் ஆய்வாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். ஒரு மீன் இறந்தாலும் அது பதிவாக வேண்டும். இறப்பு மிகுந்தால் திட்டத்தை நிறுத்துங்கள், நாங்கள் எதிர்க்க மாட்டோம். சேரும் பதிவுகள் யாவும் ஆண்டுதோறும் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

காவிரி வடிநிலத்தின் எந்த ஆற்றிலும் அணையிலும் நீலத்துடுப்பு உட்பட வெளி இனக் குஞ்சுகளை விடுவதற்கு முழுத் தடை விதிக்கும்படி மீன்வளத் துறைக்கு எழுதுங்கள். நல்லெண்ணத்தோடு குஞ்சு விடும் விழாக்களும் இதில் அடங்க வேண்டும். திமில் மகசீரையே பொரித்து விடுவதாக இருந்தால், தாய் மீனின் மரபணுவைச் சோதித்த பிறகே அது நடக்க வேண்டும்.

வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பது குறித்த புகாரை வனத்துறை, மீன்வளத் துறை, காவல்துறை ஆகிய மூன்றில் எதில் கொடுத்தாலும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், மற்ற இரண்டுக்கும் அந்த அலுவலகமே தெரிவிக்க வேண்டும் என்றும் கூட்டு ஆணை பிறப்பிக்கச் செய்யுங்கள். குவாரிகளிலிருந்து தோட்டா ஆற்றுக்கு வரும் வழியை அடைக்காமல் கரையில் மட்டும் ஆள் தேடிப் பயனில்லை. ஆகவே வெடிமருந்துக் கிடங்குகளின் இருப்புக் கணக்கைச் சரிபார்ப்பதும் அந்த ஆணையில் இடம்பெற வேண்டும்.

கணக்கெடுப்பில் சேரும் ஒவ்வொரு தூண்டில்காரரிடமும் கட்டணம் வாங்குங்கள், தாராளமாகவே வாங்குங்கள். அந்தப் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், அந்தந்த ஆற்றுப் பகுதியின் மீனவர், பரிசல்காரர், இருளர் குடும்பங்களிலிருந்து ஆண்டு முழுவதும் நியமிக்கப்படும் ஆற்றுக் காவலர்களுக்குக் கூலியாகப் போக வேண்டும் என்பதை விதியிலேயே எழுதுங்கள். வலையில் தவறிச் சிக்கும் திமில் மகசீரை உயிரோடு விட்டுத் தகவல் சொல்லும் மீனவருக்கு, அந்த மீனின் சந்தை விலைக்குக் குறையாத ஈட்டுத்தொகையும் இதிலிருந்து தரப்பட வேண்டும்.

இந்த மீனுக்கு ஒதுக்கிய நிதி எந்த ஆற்றில், எந்த வேலைக்கு, யார் மேற்பார்வையில் செலவாகிறது என்பதை வெளியிடுங்கள். அந்த வேலையை மேற்பார்வையிடும் குழுவில் உள்ளூர் மீனவர் ஒருவருக்கும் பிடித்து விடும் தூண்டில்காரர் ஒருவருக்கும் இடம் கொடுங்கள். வாரியத்தின் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஏற்பவை எவை, மறுப்பவை எவை, மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை எழுத்துமூலம் பொதுவில் அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காவிரிக்கரைத் தூண்டில்காரன் ஒருவன்